வீட்டுச் சமையலுக்கு நல்ல கத்தி: உங்கள் வீட்டில் எது நிலைத்தது?

கோபி மருமகள்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபியில் மாமியார் வீட்டில் இருந்த வரைக்கும் எங்களுக்கு அருவாமனைதான். இப்போது கோவையில் அடுக்குமாடி வீடு, நின்றுகொண்டே சமைக்கிற மேடை, கீழே உட்கார்ந்து நறுக்க இடமும் இல்லை, மாமியாருக்கு முழங்கால் வலி வந்த பிறகு அவர்களாலும் உட்கார முடியவில்லை. பாத்திரக்கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தியை வைத்து ஓட்டுகிறோம். வாங்கின புதிதில் தக்காளியை அரிகிறது, கொஞ்ச நாளானதும் நசுக்குகிறது. ஒரே ஒரு நல்ல கத்தியாக வாங்கி வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். விளம்பரத்தில் போட்டிருப்பதை எல்லாம் படித்தாயிற்று, எனக்கு வேண்டியது அதை வைத்துச் சமைத்தவர்கள் சொல்வது. வீட்டில் தினமும் சின்ன வெங்காயம், ஏதாவது ஒரு காய், கீரை, ஞாயிறு என்றால் நாட்டுக்கோழி. அரசாணிக்காய் (பரங்கிக்காய்) அடிக்கடி வரும், அதை வெட்டத்தான் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

பீளமேடு லேத்துப் பட்டறை

அம்மிணி, கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது அதன் கடினம் எவ்வளவு என்பது. எங்கள் பட்டறையில் ஒரு பின்னையோ ஷாப்ட்டையோ ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குக் கொடுத்து வாங்கினால், கடினத்தை அளக்கும் ராக்வெல் மெஷினில் வைத்து எத்தனை எச்ஆர்சி (அந்த மெஷின் காட்டும் கடின எண்) வந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் உள்ளே எடுப்போம். கத்தியும் இரும்புதானே, அதே கணக்குதான். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து வகைக் கத்திகள் பெரும்பாலும் 55-லிருந்து 58 வரை இருக்கும். ஜப்பான் கத்திகள் 60, 61 என்று போகும், சிலது அதற்கு மேலும். கடினம் கூடக்கூட வாயை, அதாவது வெட்டுகிற ஓரத்தை, மெலிசாகத் தீட்டலாம், கூரும் நாள்பட நிற்கும், ஆனால் எலும்பிலோ தேங்காய் ஓட்டிலோ பட்டால் மடங்காமல் சில்லாகத் தெறித்துவிடும். கடினம் குறைந்தது சீக்கிரம் மழுங்கும், ஆனால் வாய் தெறிக்காமல் மடங்கத்தான் செய்யும், தீட்டும் கம்பியில் நாலு இழுப்பு இழுத்தால் நிமிர்ந்து வந்துவிடும். உங்கள் வீட்டில் இருக்கும் மலிவுக் கத்தியில் குறையே இந்தக் கடினம் போதாததுதான், அதை எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது, கையைக் குறை சொல்ல வேண்டாம்.

பாத்திரக்கடை எவர்சில்வர் தட்டில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒட்டாது. அந்த வகை இரும்பைக் காய்ச்சிக் கடினமாக்க முடியாது, அதில் கரண்டி செய்யலாம், கத்தி செய்யக் கூடாது. கத்தி இரும்பில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டினதாலேயே நல்ல கத்தி ஆகிவிடாது, ஒட்டாவிட்டால் கட்டாயம் வாங்காதீர்கள். நல்ல ஐரோப்பியக் கத்திகள் பலவற்றிலும் ஏறக்குறைய அரை சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் உள்ள ஒரே வகை இரும்புதான், விலை வித்தியாசம் எல்லாம் செய்யும் முறையிலும் பிடியிலும் பெயரிலும் போகிறது.

எங்கள் வீட்டில் ரொம்ப வருஷமாக இருப்பது விக்டோரினாக்ஸ் என்கிற சுவிஸ் கத்தி, 8 அங்குலம், கருப்புப் பிளாஸ்டிக் பிடி. பார்வைக்கு ஒன்றுமே இல்லை. தகட்டிலிருந்து வெட்டி எடுத்தது என்பதால் எடை 200 கிராமுக்குள்தான். காய்ச்சி அடித்துச் செய்த கனமான ஜெர்மன் கத்தி 250 கிராமை ஒட்டி வரும், அது என் தம்பி வீட்டில் இருக்கிறது, அதுவும் நல்ல கத்திதான். ஆனால் தம்பி மனைவி கை சின்னது, ஒரு விருந்துக்கு வெங்காயம் அரிந்து முடித்ததும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கனம் வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் கைதான் சொல்ல முடியும். அதனால்தான் பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள் என்கிறேன், கடைக்காரரிடம் சொல்லிக் கத்தியை வெளியே எடுத்துப் பிடித்துப் பாருங்கள். மேசைமேல் வாயைப் படிய வைத்துப் பிடித்தால் உங்கள் விரல் முட்டி மேசையில் இடிக்கக் கூடாது. அலகின் அகலம் நாலரை சென்டிமீட்டர் இருந்தால் இடிக்காது. சின்னக் கைக்கு 6 அல்லது 7 அங்குலம் தாராளமாகப் போதும், ஆனால் முட்டைக்கோஸும் அரசாணியும் அரிகிற வீட்டுக்கு 8 அங்குலம்தான் என் சிபாரிசு.

அப்புறம் இன்னொன்று. சில கனமான கத்திகளில் அலகும் பிடியும் சேருகிற இடத்தில் தடிப்பான இரும்பு, வாய் வரைக்கும் இறங்கி வந்திருக்கும். கடையில் பார்க்க உறுதியாகத் தெரியும். வருஷக்கணக்கில் தீட்டத் தீட்ட வாய் தேய்ந்துகொண்டே போகும், அந்தத் தடிப்பு மட்டும் தேயாமல் நிற்கும், பலகையில் கத்தி முழுசாகப் படியாது, கொத்தமல்லி நறுக்கினால் பாதித் தழை அறுபடாமல் ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டு வரும். தடிப்பு பாதியிலேயே நிற்கிற கத்தியாகப் பாருங்கள்.

அரசாணிக்காய்க்கு ஆளைக் கூப்பிட வேண்டாம். கீழே ஈரத்துணியை விரித்துக் காயை ஆடாமல் வையுங்கள். காம்பின்மேல் வெட்டாதீர்கள், அங்கேதான் கத்தி மாட்டிக்கொள்ளும். காம்புக்கு ஓர் அங்குலம் தள்ளி நுனியை நேராகக் குத்தி இறக்கி, பிடியை மெதுவாகக் கீழே அழுத்தினால் தோல் விட்டுக்கொடுக்கும். காயைத் திருப்பி எதிர்ப்பக்கமும் அப்படியே. இரண்டாகப் பிளந்ததும் வெட்டின பக்கத்தைப் பலகையில் கவிழ்த்துப் போட்டுவிட்டால் அப்புறம் அது உருளாது. கூர் இருக்கிற கத்திக்கு இதில் பலமே தேவையில்லை.

பெருந்துறை அம்மாயி

கண்ணு, கத்தி வாங்கு, வேண்டாம்னு சொல்லலை. அருவாமனையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடாதே. எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கிறது, இரண்டுக்கும் வேலை இருக்கிறது. வாழைப்பூ, கீரைத்தண்டு, கொத்தவரங்காய், பீர்க்கங்காய் நார் எடுப்பது, தேங்காய் துருவுவது எல்லாம் அருவாமனையில்தான் கை ஓடும், இரண்டு கையும் காயைப் பிடித்திருப்பதால் காய் நழுவாது. இப்போது மேடைமேல் திருகி மாட்டுகிற மாதிரியும் வருகிறது, முழங்கால் வலிக்காரர்களுக்கு அது நல்லது. என் சின்ன மகள் வீட்டில் வைத்திருக்கிறாள், தேங்காய் துருவ நான் போனால் நின்றுகொண்டே துருவிக் கொடுக்கிறேன்.

கத்தி எங்கே ஜெயிக்கிறது தெரியுமா, பொடியாக அரிகிற இடத்தில். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் பொரியலுக்கு ஒரே அளவாக வேண்டும் என்றால் அருவாமனையில் எனக்கே வராது. பள்ளிபாளையம் கோழிக்குத் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போடுவோம் இல்லையா, அந்தக் கீற்று மெலிசாக, ஒரே சீராக இருந்தால்தான் கோழியோடு வறுபட்டு ஓரம் சிவந்து வரும். தேங்காய்ப் பத்தையைப் பலகையில் படுக்க வைத்துக் கூர்க்கத்தியில் சீவினால் அந்த மெலிசு வருகிறது. ஆனால் சின்ன வெங்காயம் உரிப்பதற்கு உன் பெரிய கத்தியைத் தூக்காதே. அதற்கு மூணு அங்குலச் சின்னக் கத்தி தனியாக ஒன்று வேணும், விலை ஒன்றும் பெரிசில்லை. தலையையும் வாலையும் நுனியால் கிள்ளிவிட்டு தோலை இழுத்தால் வந்துவிடும்.

கோழி எலும்புக்கு எந்தக் கத்தியையும் தொடாதே. கடையிலேயே வெட்டி வாங்கிக்கோ, இல்லாவிட்டால் கொடுவாள் ஒன்று வீட்டில் வைத்துக்கோ.

சங்ககிரி லாரிக்கார வீடு

அம்மாயி சொல்வது முழுக்கச் சரிங்க. எங்கள் வீட்டில் கடைக்கத்தியே கிடையாது. லாரி ஓட்டுகிற குடும்பம், ஒடிந்துபோன ஸ்பிரிங் பட்டை எப்போதும் வீட்டு ஓரத்தில் கிடக்கும், அதைக் கொல்லுப்பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து அடித்து வாங்குவதுதான் அப்பிச்சி காலத்திலிருந்து பழக்கம். ஸ்பிரிங் பட்டையில் ஏறக்குறைய 0.6 சதவீதம் கார்பன் இருக்கும், கத்திக்கு அது அருமையான இரும்பு. கொடுவாள், களைக்கொத்து மட்டும் அடித்துக்கொண்டிருந்த கொல்லரிடம் இந்தத் தடவை சமையல் கத்தியாக, மெலிசாக, 8 அங்குலத்துக்கு அடித்துத் தரச் சொன்னேன். அட்டையில் அளவாக வரைந்து வெட்டிக் கொண்டுபோனேன், வாயால் சொன்னால் அவருக்குக் கொடுவாள் கனத்தில்தான் கை போகும்.

கிட்ட உட்கார்ந்து பார்த்தேன். துருத்திக்குப் பதில் இப்போது கரண்டில் ஓடும் புளோயர், கரி மட்டும் பழைய கரிதான். பட்டையைச் சிவக்கக் காய்ச்சி அவர் சுத்தியலால் இடம் காட்ட, எதிரே நின்ற பையன் சம்மட்டி போட, கனம் இறங்கிக்கொண்டே வந்தது. அரம் போட்டு வாயை இறக்கியதும் திரும்ப உலையில் வைத்தார். போதுமான சூடு வந்ததா என்று பார்க்க ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத் துண்டைக் கம்பியில் கட்டி வைத்திருக்கிறார், அது ஒட்டாமல் போனதும் எடுத்துப் பழைய என்ஜின் ஆயிலில் தோய்த்தார். அந்த நிலையில் கத்தி கீழே விழுந்தால் ஒடிந்துபோகும், அவ்வளவு மொறமொறப்பு. அடுத்துச் செய்ததுதான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு பக்கத்தைச் செங்கல் துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகை மட்டும் கங்குமேல் காட்டிப் பிடித்தார். வெள்ளையாக இருந்த இரும்பில் முதுகிலிருந்து நிறம் ஊர்ந்து வருகிறது, முதலில் வெளிறின மஞ்சள், பின்னாலேயே பழுப்பு, அதன் பின்னால் ஊதா, நீலம். வாய் ஓரத்துக்கு வைக்கோல் நிறம் வந்து சேர்ந்த அந்த நொடியில் தண்ணியில் விட்டுவிட்டார். முதுகு நீலம், வாய் மஞ்சள். முதுகு மெத்தென்று இருப்பதால் ஒடியாது, வாய் கடினமாக இருப்பதால் கூர் நிற்கும் என்றார். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லமாட்டார் அந்த நேரத்தில், கண் நிறத்தைவிட்டு நகராது.

பிடிக்கு வேலங்கட்டை போட்டுக் கொடுத்தார். கத்தியின் இரும்பு பிடியின் கடைசி வரைக்கும் ஓட வேண்டும், இரண்டு பக்கமும் கட்டை வைத்து ஆணி அடித்து முடுக்க வேண்டும் என்று சொல்லிச் செய்து வாங்குங்கள், பாதியோடு நிற்கிற பிடி நாளானால் ஆடும்.

இந்தக் கத்தி எல்லாருக்கும் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணியில் ஊறப்போட்டால் மணி நேரத்தில் துரு பிடிக்கும். எலுமிச்சை, தக்காளி, மாங்காய் அரிந்தால் இரும்பு கறுக்கும், புதிதில் மாங்காயிலும் கொஞ்சம் இரும்பு வாடை ஏறும். புழங்கப் புழங்க அலகுமேல் சாம்பலும் நீலமுமாக ஒரு நிறம் படிந்துவிடும், அதற்கப்புறம் வாடையும் வராது, துருவும் சட்டென்று பிடிக்காது, அதைத் தேய்த்துப் போக்கிவிடாதீர்கள். அரிந்து முடித்ததும் கழுவித் துடைத்து, ஊருக்குப் போகிற நாளில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வைத்தால் போதும். என் வீட்டுக்காரிக்கு இந்தக் கவனிப்பு பழகிவிட்டது, ஆனால் வேலைக்கு ஆள் வந்து பாத்திரம் கழுவுகிற வீடுகளில் இது நிலைக்காது.

திருப்பூர் மெஸ்

ஹோட்டல் அடுப்படியில் வேலை பார்த்துவிட்டு வந்து இப்போது திருப்பூரில் சின்ன மெஸ் நடத்துகிறேன். லேத்துப் பட்டறை அண்ணன் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. வீட்டுக்கு ஜப்பான் கத்தி ஆகாது என்று பலரும் சொல்வது தவறு. சான்டோக்கு என்று ஒரு வகை இருக்கிறது, 6.5-லிருந்து 7 அங்குலம், நுனி கீழே வளைந்து அலகு அகலமாக இருக்கும். அது ஜப்பானில் வீட்டுச் சமையலுக்கென்றே வந்த கத்தி. எங்கள் மெஸ்ஸில் காய் மட்டும் அரிகிற அக்கா அதைத்தான் வைத்திருக்கிறார், கனமே தெரியாது, வாய் ஒரு பக்கத்துக்கு 15 டிகிரிக்குத் தீட்டினது, பீட்ரூட்டில் அழுத்தாமலே இறங்குகிறது. ஐரோப்பியக் கத்தி வழக்கமாக 20 டிகிரி பக்கம் இருக்கும். அரிந்த காயை அந்த அகல அலகிலேயே அள்ளிச் சட்டியில் போடவும் வசதி.

ஆனால் அது அந்த அக்கா கையில் மட்டும்தான் இருக்க வேண்டும். கோழி மாஸ்டர் அவசரத்தில் ஒருநாள் அதை எடுத்துத் தொடை எலும்பில் போட்டுவிட்டார், வாயில் பிறை வடிவத்தில் ஒரு துண்டு போய்விட்டது. சொரசொரப்புக் கல்லில் பொழுதுக்கும் தேய்த்துத்தான் அந்தப் பல்லைச் சரிசெய்ய முடிந்தது. ஒரு வீட்டில் நாலு பேர் அடுப்படியில் புழங்கினால், யார் எதற்கு எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது, அந்த வீட்டுக்கு அண்ணன் சொன்ன சுவிஸ் கத்திதான் சரி. தனியாகச் சமைக்கிறவர், பெரும்பாலும் காய்தான் என்றால் சான்டோக்கு வாங்கிச் சந்தோஷமாக இருக்கலாம்.

யாரும் பலகையைப் பற்றிப் பேசவில்லை. கிரானைட் மேடைமேலேயே வைத்து அரிகிறவர்களை எத்தனையோ வீட்டில் பார்க்கிறேன், எவர்சில்வர் தட்டில் வைத்து அரிகிறவர்களும் உண்டு. எவ்வளவு விலை கொடுத்த கத்தியும் அதில் ஒரே வாரத்தில் போய்விடும். கண்ணாடிப் பலகையும் அப்படித்தான். மரப்பலகை, இல்லாவிட்டால் கெட்டிப் பிளாஸ்டிக் பலகை, இரண்டே வழிதான். கோழிக்கு ஒன்று, காய்க்கு ஒன்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அரிந்ததை ஒதுக்கும்போது வாயால் பலகையைச் சுரண்டாமல் கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளுங்கள்.

பிடிக்கிற விதமும் முக்கியம். அருவாமனையில் பழகின கைக்குக் கத்தி கிடைத்தால் பிடியின் கடைசியில் பிடித்து, ஆள்காட்டி விரலை முதுகின்மேல் நீட்டி வைக்கும். அப்படிப் பிடித்தால் கத்தி பக்கவாட்டில் ஆடும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அலகையே இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடிக்கட்டும், மற்ற மூன்று விரல் பிடியில் இருக்கட்டும். இடது கை விரல்களை உள்ளே மடக்கி, முட்டியில் அலகு உரசிக்கொண்டே இறங்க வேண்டும். முதலில் வேகம் குறையும், ஆத்திரப்படாமல் பழகினால் விரல் தப்பும்.

சென்னிமலைக்காரன்

கத்தி தேடினால் இப்போது எங்கே பார்த்தாலும் டமாஸ்கஸ், டமாஸ்கஸ் என்று அலைஅலையாகக் கோடு போட்ட கத்திதான் வந்து நிற்கிறது. ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் நம்பி வாங்கினேன். சொரசொரப்புத் துணியால் தேய்த்துக் கழுவக் கழுவக் கோடு மறைந்துகொண்டே வந்தது, கல்லில் தீட்டினதும் தீட்டின இடத்தில் சுத்தமாகக் காணவே இல்லை, வெறும் தகடு. மேலே லேசரில் அச்சடித்த கோடு அது. திருப்பி எடுக்கச் சொன்னால் நாள் கடந்துவிட்டது என்று பதில். உண்மையான அடுக்கு இரும்பு என்றால் கோடு அலகின் முதுகுப் பக்கத்திலும் அடுக்கடுக்காகத் தெரியும், தீட்டினாலும் இரும்புக்குள்ளேயே இருப்பதால் முழுசாகப் போகாது. வாங்குவதற்கு முன்னால் முதுகை நேராகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அப்படியே உண்மையானதாக இருந்தாலும் அந்தக் கோடு அழகுக்குத்தான், அரிகிற வேலையை நடுவில் இருக்கும் ஒரே ஓர் அடுக்குதான் செய்கிறது.

எனக்கு இதில் கோபம் அதிகமாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து வண்டியில் போனால் கொஞ்ச நேரத்தில் கொடுமணல், நொய்யல் கரை. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர். அங்கே தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் (உருக்குகிற மண் குடுவையில்) வைத்து எஃகு செய்த இடமும் கிடைத்தன, கல்மணிகள் செய்த பட்டறைகளும் இருந்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின வேலை. மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் மூடிவைத்து உருக்கினால் ஒன்றரை சதவீதம் வரைக்கும் கார்பன் ஏறிய எஃகு கிடைக்கும். தென்னிந்தியாவிலிருந்து போன இந்த மாதிரி மூசை எஃகில் அடித்த வாள்களில் தானாக ஓடிய கோடுகளைப் பார்த்துத்தான் மேற்கே டமாஸ்கஸ் வாள் என்று பேசினார்கள். இப்போது கடையில் விற்பது பல இரும்பை ஒட்டி அடித்து அமிலத்தில் நனைத்துக் கோடு எடுக்கிற வேறு வேலை. அதுவும் நல்ல தொழில்தான், குறை இல்லை. நான் கேட்பது இதுதான், இவ்வளவு எஃகு செய்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு அச்சடித்த கோட்டுக்கு நாம் காசு கொடுக்கலாமா. சங்ககிரி அண்ணன் சொன்ன கொல்லரிடம் கொடுங்கள் அந்தக் காசை.

கரூர் இடதுகைக்காரி

நான் இடது கையால் அரிகிறவள். என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பான் கத்திகளில் ஒரு பக்கம் மட்டும் தீட்டின வகைகள் இருக்கின்றன, மீனுக்கென்று செய்வது பெரும்பாலும் அப்படித்தான். அது வலது கைக்காரர்களுக்காகச் செய்தது, நம் கையில் பிடித்தால் கத்தி நேராக இறங்காமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், முள்ளங்கி வில்லை ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு. இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டினதா என்று கேட்டு வாங்குங்கள். பிடியும் இரண்டு பக்கமும் ஒரே வடிவமா என்று பாருங்கள், சில பிடிகளில் வலது பக்கம் மட்டும் புடைத்திருக்கும்.

கோபி மருமகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வீட்டில் மாமியாரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், அவர்களுக்குச் சங்ககிரி அண்ணன் கத்திமேல் ஆசை, எனக்கு லேத்துப் பட்டறை அண்ணன் சொன்னதுதான் தோதுப்படும் என்று தோன்றுகிறது, ரெண்டையும் யோசித்துக்கொண்டு இருக்கிறோம். அண்ணா, தீட்டுவதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்கிறவர் வருகிறார், மோட்டார் கல் வைத்த வண்டியும் வரும். அவர்களிடம் கொடுக்கலாமா?

பீளமேடு லேத்துப் பட்டறை

கொடுக்கலாம் அம்மிணி, ஆனால் பக்கத்தில் நின்று பார். சைக்கிள் சாணை மெதுவாகச் சுற்றும், பரவாயில்லை. மோட்டார் கல்லில் பொறி பறக்கப் பறக்க அழுத்திப் பிடித்தால் வாய் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். சங்ககிரித் தம்பி எழுதின அதே நிறம்தான், அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் அந்த இடம் மட்டும் எப்போதும் மழுங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணி வைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் நனைத்து நனைத்துத் தீட்டச் சொல்லு. கேட்டால் செய்வார்கள், நல்ல மனுஷர்கள்தான்.

வீட்டிலேயே தீட்டுவது சிரமமே இல்லை. நான் கத்தி விலையில் கொஞ்சம் குறைத்தாவது கல்லை வாங்கச் சொல்வேன். 1000 கிரிட் தண்ணிக்கல் ஒன்று போதும், வாயில் பல் விழுந்தால் மட்டும் 400 வேண்டும் (கிரிட் எண் குறையக் குறைய கல் சொரசொரப்பு). தண்ணிக்கல் கிடைக்காவிட்டால் நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறு பக்கம் நைஸ் என்று வரும் கார்பரண்டம் கல்லே வேலை செய்யும். கல்லைத் தண்ணியில் குமிழி அடங்கும் வரை ஊறவைத்து, ஆடாமல் இருக்க ஈரத்துணிமேல் வை. கத்தியைக் கல்மேல் படுக்க வைத்து முதுகை மட்டும் தூக்கு. நாலரை சென்டிமீட்டர் அகல அலகுக்கு முதுகு ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்தால் 20 டிகிரி கணக்கு வந்துவிடும், ஆள்காட்டி விரலைக் கீழே வைத்து உயரம் பார்த்துக்கொள். அந்தச் சாய்வு மாறாமல் அடியிலிருந்து நுனி வரைக்கும் தேய்க்க வேண்டும், அழுத்தம் வேண்டாம், சாய்வுதான் முக்கியம்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எதிர்ப்பக்கத்தில் பெருவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, வாயைத் தாண்டி வெளியே தடவிப் பார். வாயோடு ஒட்டி மெலிசாகப் பிசிறு தட்டும், லேத்தில் கடைந்த வேலையின் ஓரத்தில் நிற்குமே, அதே பிசிறு. அடியிலிருந்து நுனி வரைக்கும் விடாமல் தட்டினால் அந்தப் பக்கம் முடிந்தது. கத்தியைத் திருப்பி மறுபக்கமும் அப்படியே. கடைசியில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கத்தியின் எடை மட்டும் கல்லில் படுகிற மாதிரி மெதுவாக இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். சோதித்துப் பார்க்கக் கட்டை விரல் நகத்தில் எல்லாம் வைக்காதே, பழுத்த தக்காளியை எடுத்துக்கோ, அழுத்தாமல் இழுத்தால் தோல் அறுபட வேண்டும்.

நடுநடுவே தீட்டும் கம்பியில் இழுத்துக்கொண்டால் கல்லை மாதக்கணக்கில் தொட வேண்டியதில்லை. கம்பி இல்லாவிட்டால் பீங்கான் கப்பைக் கவிழ்த்துப் பார், அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று இருக்கும், அவசரத்துக்கு அதில் இரண்டு பக்கமும் நாலு இழுப்பு இழுத்தால் தக்காளி அரிகிற அளவுக்கு வந்துவிடும். ஸ்டெயின்லெஸ் என்று நம்பி உப்புத் தண்ணியிலோ சிங்க்கிலோ போட்டு வைக்காதே, அதுவும் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். டிராயரில் கரண்டியோடு கலந்து போடாமல் தடித்த அட்டையை மடித்து உறை செய்து போட்டு வை, வாயும் பிழைக்கும், டிராயரில் கை விடுகிற குழந்தைகளுக்கும் நல்லது. கல் வாங்கினால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இங்கே எழுது, நுனிப்பக்கம் வளைவில் எப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு போவது என்று படம் எடுத்துப் போடுகிறேன்.